கடைகள் நின்ற தெரு

எடின்பரோ நகரத்துக் கோட்டை வாசலில் தொடங்கி, கிழக்கே இறங்கி, ஹோலிரூட் அரண்மனை வாசலில் முடிகிற தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். நீளம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். கோட்டை நிற்பது சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போன எரிமலையின் உள்ளே இறுகிய கரும்பாறையின் மேல். பனியுகத்தில் மேற்கிலிருந்து வந்த பனியாறு அந்தப் பாறையைக் கரைக்க முடியாமல் இரண்டாகப் பிரிந்து போனது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய நிலம் மட்டும் நீண்ட மேடாகத் தப்பியது. அந்த மேட்டின் முதுகில்தான் தெரு ஓடுகிறது. இரு பக்கமும் பள்ளம். அகலமாக வளர வழியில்லாத ஊர் உயரமாக வளர்ந்தது. ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள் எழுந்தன. தெருவின் இரு புறமும் மீன்முள் மாதிரி குறுகிய சந்துகள் சரிந்து இறங்குகின்றன. அந்தச் சந்துகளை ஊரார் ‘குளோஸ்’ என்கிறார்கள்.

இங்கே வருகிறவர்களுக்கு ஸ்காட்லாந்து ராணி மேரியின் கதையும் பேய்க் கதைகளும் நிறையக் கிடைக்கும். ஆனால் பல நூற்றாண்டுகள் இந்தத் தெரு முதன்மையாக ஒரு சந்தை. 1477-ல் மூன்றாம் ஜேம்ஸ் மன்னர் எந்தச் சரக்கை எங்கே விற்கலாம் என்று சாசனமே எழுதிக் கொடுத்தார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கம்பளியும் மேல்முனையில் எடைமேடைப் பக்கம். உப்பு நிட்ரி சந்தில். கோழி, கௌதாரி, முயல் எல்லாம் சந்தைச் சிலுவையைச் சுற்றி. மீன் நகரின் கீழ்வாசல் பக்கம். வைக்கோலும் குதிரைத் தீவனமும் தெற்குப் பள்ளத்தில் இருக்கிற கௌகேட் தெருவில். அந்தச் சந்தையில் இன்று ஒரு கடைகூடக் கிடையாது. போரில் அழிந்தது, தீயில் எரிந்தது என்றால் மனம் ஆறும். பெரும்பாலானவற்றை நகரத்தாரே உட்கார்ந்து தீர்மானம் போட்டு இடித்தார்கள். எதை இடித்தார்கள், எது தப்பியது என்று பார்த்துக்கொண்டே மேலிருந்து கீழே நடக்கலாம்.

முதல் பகுதி காசில்ஹில். கோட்டைத் திடலை விட்டு இறங்கியதும் இடப்பக்கம் ராம்சே கார்டன் என்ற வெள்ளையும் சிவப்புமான வீடுகள். அதன் நடுவே 18-ஆம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் வீடு கட்டிக்கொண்டவர் ஆலன் ராம்சே. தலைக்குப் பொய்முடி செய்யும் தொழிலில் இருந்து கவிதைக்கும் புத்தக வியாபாரத்துக்கும் வந்தவர். அவருடைய கடையைத் தெருவின் நடுப்பகுதியில் சந்திப்போம். அந்த வீட்டைச் சுற்றி 1890-களில் இப்போதுள்ள குடியிருப்பை எழுப்பியவர் பேட்ரிக் கெட்டிஸ். உயிரியல் படித்து, ஊர்களைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய மனிதர். அருகிலுள்ள கோபுரத்தை 1892-ல் கையில் எடுத்து, நகரத்தை உச்சியிலிருந்து பார்த்துப் படிக்கும் இடமாக்கினார். அவரிடமும் திரும்பி வருவேன்.

அடுத்து லான்மார்க்கெட். தெரு சட்டென்று அகலமாகும் இடம் இது. இங்கே துணிச்சந்தை நடந்தது. அதன் தலைமாட்டில் எடைவீடு ஒன்று இருந்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அங்கே எடைபோட்ட பிறகுதான் விலைக்குப் போகும். எடையில் ஏமாற்றியவனின் காதை எடைமேடைக் கம்பத்தில் ஆணி அடித்து நிறுத்தியதாகச் சொல்கிறார்கள். 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் ஊருக்கு வந்தார். ஊர்வலம் போகும் வழியில் அந்த எடைவீடு தடையாக நிற்கிறது என்று இடித்துவிட்டார்கள்.

அதற்குச் சற்றுக் கீழே கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட் தப்பி நிற்கிறது. 1617-ல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகர் வாங்கிய ஆறு மாடி வீடு. மாடிகளில் வாடகைக்குக் குடித்தனங்கள், தரைத்தளத்தில் கடைகள். முகப்பில் இரண்டு கல் வளைவுகள், அவற்றுக்குள் நிழலான தாழ்வாரம், அதற்கும் உள்ளே கடை. ஒரு காலத்தில் தெரு நெடுக இப்படித்தான் இருந்தது. மழையும் காற்றும் ஓயாத ஊரில் வாங்க வருகிறவர் நனையாமல் நின்று பேரம் பேச வேண்டுமல்லவா! 1930-களில் இதையும் இடிக்கப் பார்த்தார்கள். 1934-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. பிறகு உள்ளே பழுது பார்த்தபோது, மேல்பூச்சுக்குப் பின்னால் 1620-ஐச் சேர்ந்த மரக்கூரை ஓவியங்கள் வெளிப்பட்டன. பூவும் பழமும் வரைந்த பலகைகள். வியாபாரிகள் வாழ்ந்த வீட்டுக் கூரை.

இனி வருவது செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். இந்தக் கட்டுரையை எழுதவே இந்த இடம்தான் காரணம்.

இன்று தேவாலயத்தைச் சுற்றித் தெரு தாராளமாக இருக்கிறது. 1800-ல் வந்திருந்தால் தேவாலயத்தின் வடபக்கம் கண்ணிலேயே பட்டிருக்காது. தெருவின் நட்டநடுவில், தேவாலயத்துக்கு இணையாக, நான்கு மாடி வரை உயர்ந்த வீட்டு வரிசை நின்றது. அதன் கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். லக்கன்பூத்ஸ் என்று அழைத்தார்கள். மற்ற சந்தைக்கடைகள் காலையில் பலகை விரித்து மாலையில் சுருட்டுபவை. இவை கதவும் பூட்டும் உள்ள நிலையான கடைகள். அதனால் விலை மதிப்புள்ள சரக்கு இங்கே வந்தது. பொற்கொல்லர், கையுறை தைப்பவர், துணிக்கடைக்காரர், பின்னாளில் புத்தகக்காரர். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து, 300 ஆண்டுகளுக்கு மேல் ஊரின் வணிகத்துக்கு மையமாக இருந்த வரிசை அது.

அந்த வரிசைக்கும் தேவாலயச் சுவருக்கும் இடையே ஒரு சந்து. சுவரைத் தாங்கும் உதைசுவர்கள் விட்டுவிட்டு நிற்குமே, அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டிக்கடை ஒட்டிக்கொண்டிருந்தது. இவற்றுக்கு கிரேம்ஸ் என்று பெயர். ஆள் ஒருவர் நின்று கை நீட்டினால் எல்லாச் சரக்கும் எட்டும் அளவுதான் இடம். ஊசி, நூல், ரிப்பன், சீப்பு, கத்தி, பொம்மை எல்லாம் கிடைக்கும். நீதிபதி காக்பர்ன் பிரபு தம் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்தின் கடைகளைப் பற்றி ஆசையோடு எழுதியிருக்கிறார். சிறுவயதில் அந்தப் பொம்மைகள் அவர் கண்ணைவிட்டு அகலவில்லை, புத்தாண்டு வந்தால் அங்கே குழந்தைகளின் கூட்டம் நெரியும். மேடைகளிலும் தீர்ப்புகளிலும் நாள் கழித்த ஒருவர், கிழ வயதில் பெட்டிக்கடைகளை நினைத்து எழுதினாரே, அந்தக் கடைகளுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஜார்ஜ் ஹெரியட்டின் கடையும் இந்தத் தேவாலயத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு நகை செய்த பொற்கொல்லர். கடை சுமார் ஏழடிச் சதுரம். மன்னரே அங்கே வந்து உட்கார்ந்து போவார் என்பார்கள். 1624-ல் ஹெரியட் இறந்தபோது, தகப்பன் இல்லாத ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று தம் சொத்தின் பெரும்பகுதியை எழுதி வைத்தார். அதில் எழுந்த பள்ளி இன்றும் தெற்கே அரண்மனை போல நிற்கிறது. ஏழடிக் கடையை 1809-ல் இடித்தாயிற்று.

லக்கன்பூத்ஸின் கிழக்கு முனையில் ஆலன் ராம்சேயின் புத்தகக் கடை. 1720-களில் அங்கே அவர் புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். பிரிட்டனின் முதல் வாடகை நூலகம் என்று அதைச் சொல்வதுண்டு. பிறகு அதே கட்டடத்தில் வில்லியம் கிரீச் கடை வைத்தார். ராபர்ட் பர்ன்ஸ் கவிதைகளின் எடின்பரோ பதிப்பு 1787-ல் வந்தது இவர் மூலமாகத்தான். சந்தை இரைச்சலுக்கு நடுவே, பொற்கொல்லர் சுத்தியல் சத்தம் கேட்கும் தூரத்தில், ஸ்காட்லாந்தின் இலக்கியம் விற்பனைக்கு இருந்தது.

இடித்ததற்குச் சொன்ன காரணம் போக்குவரத்து. தெருவின் நடுவில் வீட்டு வரிசை நின்றால் வண்டி போக இடமேது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதே நெருக்கடி 300 ஆண்டுகளாக இருந்ததுதான். மாறியது வேறு. 1767-ல் வடக்கே அகலத் தெருக்களோடு புது நகரம் திட்டமிட்டார்கள். வசதி உள்ளவர்கள் அங்கே குடிபோனார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்த கண்ணுக்குப் பழைய கடைகள் அழுக்காகத் தெரிந்தன. 1802-ல் வரிசையின் பெரும்பகுதி போயிற்று. 1817-ல் கிழக்கு முனையும், பெட்டிக்கடைகளும், மேற்கு முனையில் ஒட்டியிருந்த பழைய டோல்பூத் சிறையும் போயின. கடைகளைப் பிய்த்து எடுத்தபோது தேவாலயச் சுவர் சிதைந்து தெரிந்தது. 1829 முதல் 1833 வரை வில்லியம் பர்ன் என்ற கட்டடக் கலைஞர் அதன்மேல் வழவழப்பான புதுக்கல் போர்த்தினார். இன்று நாம் பார்க்கும் வெளிச்சுவர் அதுதான். நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கிரீடக் கோபுரம் மட்டும் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அதன் கல் கரடுமுரடாக, காற்றுத் தின்ற தோற்றத்தில் இருக்கும். கீழே சுவர் சீராக இருக்கும். அந்த வேறுபாடுதான் பெட்டிக்கடைகள் போன தடம்.

தரையிலும் தடம் உண்டு. சிறை வாசல் இருந்த இடத்தில் வண்ணக் கற்களால் ஓர் இதய வடிவம். சுற்றிலும் பதித்த பித்தளைத் துண்டுகள் சிறைச்சுவரின் எல்லையைக் காட்டுகின்றன. இதயத்தின் மேல் துப்பிவிட்டுப் போவது ஊர்ப்பழக்கம். சிறையின் கதவை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் தம் ஆபட்ஸ்ஃபோர்ட் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினார். கடைகளின் பெயரோ ஒரு நகையில் தங்கிவிட்டது. இதய வடிவில், சிலசமயம் மேலே கிரீடம் வைத்து, வெள்ளியில் செய்யும் ஊசிப்பதக்கத்துக்கு லக்கன்பூத் என்றே பெயர். நிச்சயம் ஆன பெண்ணுக்குக் கொடுப்பார்கள். கண்ணேறு படாமல் இருக்கப் பிறந்த குழந்தையின் போர்வையில் குத்தி வைப்பார்கள். தெருவில் இன்றும் வாங்கலாம்.

இந்த இடத்தில் கெட்டிஸ் நினைவுக்கு வருகிறார். 1880-களில் அவர் லான்மார்க்கெட்டில் பாழடைந்த ஜேம்ஸ் கோர்ட்டுக்கு மனைவியோடு குடிவந்தார். மொத்தமாக இடிக்காமல், தேறாத சுவரை மட்டும் நீக்கி, காற்றும் வெளிச்சமும் வர முற்றம் திறந்து, இருக்கிறவர்களை இருக்கிற இடத்திலேயே வாழ வைக்கலாம் என்று வேலை செய்து காட்டினார். 1914-ல் சென்னைக்கு அவர் அனுப்பிய நகரக் கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை, சென்னை மேல் குண்டு வீசிய அதே எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் வேறு பொருள்கள் சேகரித்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டே தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். நெருக்கமான தெருக்களைப் பிளந்து அகலச் சாலை வெட்டும் திட்டங்களை எதிர்த்து, எந்த வீட்டை எடுத்தால் போதும் என்று வரைபடத்தில் குறித்துக் காட்டினார். லக்கன்பூத்ஸ் இடிந்து நூறாண்டுக்குப் பிறகு அந்தத் தெருவில் கற்ற பாடம் அப்படித் தஞ்சைக்கு வந்தது.

தேவாலயம் தாண்டினால் சந்தைச் சிலுவை. அரச அறிவிப்பு படிப்பதும், வணிகர் கூடிக் கணக்குத் தீர்ப்பதும் இதன் அடியில்தான். 1756-ல் இதையும் அகற்றினார்கள். இப்போதுள்ளது 1885-ல் அருகில் மறுபடி எழுப்பியது. எதிரில் வணிகர்களுக்கென்று ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டினார்கள். வேலை 1753-ல் தொடங்கியது. அதற்காகச் சில சந்துகளின் மேல்மாடிகளை வெட்டி, கீழ்மாடிகளை அடித்தளமாக்கினார்கள். அப்படிப் புதைந்ததுதான் மேரி கிங் சந்து. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்து துணி வியாபாரம் செய்த கைம்பெண், நான்கு பிள்ளைகளின் தாய், அந்த மேரி கிங். ஒரு பெண் வியாபாரியின் பெயர் ஒரு சந்துக்கு அமைவது அக்காலத்தில் அபூர்வம். பேய் பார்க்க வருகிற கூட்டத்திடம் அவருடைய துணிக்கடையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்ச் கட்டி முடித்த பிறகும் வணிகர்கள் உள்ளே போகவில்லை. பழையபடி தெருவில், சிலுவை இருந்த இடத்தில் நின்றுதான் பேசினார்கள்.

இன்னும் கீழே டிரான் தேவாலயம். உப்பு எடைமேடையால் பெற்ற பெயர். 1974-ல் அதன் தரையைத் தோண்டியபோது மார்லின் சந்து வெளிப்பட்டது. கல் பாவிய தெருவும் வீடுகளின் அடித்தளமும் தேவாலயத்தின் வயிற்றுக்குள் கிடந்தன. 1630-களில் தேவாலயம் கட்ட அவற்றை மூடியிருந்தார்கள்.

நகரின் கீழ்வாசலுக்குச் சற்று முன் ஜான் நாக்ஸ் வீடு தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. மதச் சீர்திருத்தவாதி நாக்ஸ் அங்கே வாழ்ந்ததாகச் சொன்ன கதைதான் 1840-களில் அதை இடிக்காமல் காத்தது. உண்மையில் அது ஜேம்ஸ் மோஸ்மன் என்ற பொற்கொல்லரின் வீடு. சுவரில் அவர் பெயரின் முதல் எழுத்துகளும் மனைவி மரியோட்டா ஆரஸின் முதல் எழுத்துகளும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். மோஸ்மன் ராணி மேரியின் கட்சியில் நின்று, கோட்டை முற்றுகையில் இருந்தபோது உள்ளே நாணயம் அடித்துக் கொடுத்தார். 1573-ல் கோட்டை விழுந்ததும் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கீழ்வாசல் 1764-ல் இடிந்தது. அதன் வடிவத்தையும் சாலையில் பித்தளை காட்டுகிறது. அதற்கு அப்பால் கேனன்கேட். 1128-ல் நிறுவிய ஹோலிரூட் மடத்துத் துறவிகளின் ஊர். 1856 வரை தனி ஊராகவே இருந்தது. இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஆடம் ஸ்மித் அடங்கியிருக்கிறார். இறைச்சிக் கடைக்காரரையும் ரொட்டிக் கடைக்காரரையும் வைத்துப் பொருளாதாரம் சொன்ன அறிஞர், கடைசி 12 ஆண்டுகள் வாழ்ந்ததும் இந்தத் தெருவை ஒட்டித்தான்.

தெருவின் முடிவில், அரண்மனைக்குச் சற்று முன்னால், சாலைக் கல்லில் ஆங்கில ‘எஸ்’ எழுத்துகள் பித்தளையில் பதிந்திருக்கின்றன. மடத்தின் அடைக்கல எல்லை அது. கடையில் நொடித்துப்போனவர், கடன் கட்ட முடியாதவர், இந்த எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவந்துவிட்டால் அதிகாரிகள் பிடிக்க முடியாது. எல்லைக்குள்ளேயே அறை வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கைது கிடையாது என்பதால் அன்று மட்டும் மேலே ஊருக்குள் போய், வீட்டாரைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குள் திரும்புவார்கள். கடனுக்காகச் சிறையில் அடைக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து 1880-ல் கைவிட்டது. அதோடு இங்கே ஓடிவருவதும் நின்றது.