டொய் சுதேப் மலைச்சாலை: கோயிலோடு திரும்பாதவர்களுக்கு

தாய்லாந்தின் வடக்கே, சியாங் மாய் நகரம் முடிந்து டொய் சுதேப் மலை தொடங்கும் இடத்தில் சாலையோரம் ஒரு பிக்குவின் சிலை இருக்கிறது. பொழுது விடியாத நேரத்திலும் அங்கே ஊதுபத்தி புகைகிறது. மேலே போகும் சிவப்பு சோங்தேவ்கள், அதாவது முதுகில் இரண்டு பெஞ்சு போட்ட ஷேர் வண்டிகள், அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கின்றன. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை விட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் வளைவைத் திருப்புகிறார்.

சிலையில் இருப்பவர் குருபா சீவிச்சாய். இந்தச் சாலையைப் போட்டவர். 1934 நவம்பர் 9 அன்று சியாங் மாயின் கடைசி அரசர் முதல் மண்ணை வெட்டினார். 1935 ஏப்ரல் 30 அன்று முதல் கார் மலைமேல் உள்ள பௌத்தக் கோயில் வரை போய்விட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 11 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அரசாங்கப் பணம் கிடையாது, கூலி கிடையாது. ஊர் ஊராக வந்து இறங்கியவர்களுக்குப் பாதையைத் துண்டு போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள். அரிசியும் காய்கறியும் அவர்களோடே வந்தன. மலைகளில் இருந்து கரேன் மக்களும் மண்வெட்டியோடு இறங்கி வந்தார்கள். கோயிலுக்கு மின்விளக்கு போட வேண்டும் என்றுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் முதலில் அவரிடம் போனாராம். சாலையைப் போடு, விளக்கு தானாக வரும் என்றாராம் குருபா.

இத்தனை செய்தவரை பாங்காக் நம்பவில்லை. 1902இல் வந்த சங்கச் சட்டம் நாட்டின் பிக்குகளையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. யார் துறவு கொடுக்கலாம் என்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். வடக்கின் பழைய அரசான லான்னாவின் வழக்கப்படி தானே துறவு கொடுத்துக்கொண்டிருந்த குருபாவை 1920இல் பாங்காக்கிற்குக் கொண்டுபோய் விசாரித்து அனுப்பினார்கள். சாலை திறந்த அதே 1935இல் மறுபடியும் அழைத்துப் போனார்கள். அடுத்த ஆண்டுதான் திரும்ப விட்டார்கள். இன்று அந்தச் சாலை 1004ஆம் எண் நெடுஞ்சாலை. அரசாங்கக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

பாதி வழியில் வாட் பா லாட் என்ற சிறு கோயில், அருவிப் பாறையின் மேல். சாலை வருவதற்கு முன் மலையேறியவர்கள் இளைப்பாறிய இடம். பழைய ஒற்றையடிப் பாதை இன்னும் காட்டுக்குள் இருக்கிறது. வழி தவறாமல் இருக்க மரங்களில் காவித் துணி கட்டியிருக்கிறார்கள். கால் வலு உள்ளவர்கள் அதில் ஏறுவதே நல்லது. வளைவுக்கு வளைவு வயிறு புரளும் வண்டிப் பயணத்தில் பார்க்க அதிகம் இல்லை. சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் கூட்டமாக நடந்தே கோயிலுக்குப் போகிறார்கள். விசாகத்துக்கு முந்தைய இரவு ஊரே நடக்கிறது.

கோயிலுக்கு நாகங்கள் கைப்பிடியாக நீளும் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். 14ஆம் நூற்றாண்டில் லான்னாவின் கூ நா மன்னர் புத்தரின் தாதுவை வெள்ளை யானையின் முதுகில் ஏற்றி அனுப்பினார். யானை இங்கே ஏறி வந்து மூன்று முறை பிளிறி உயிரை விட்டது என்பது தலபுராணம். விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பளிங்குத் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறுகிறது. தாமரை மொட்டு, ஊதுபத்தி, மெழுகுவத்தி மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொன் தூபியை மூன்று சுற்று வலம் வருகிறார்கள். ஆட்டு ஆண்டில் பிறந்தவர்களுக்கு இந்தத் தூபி உரியது என்று வடக்கத்தியர் நம்புகிறார்கள். சூரியன் நகரத்துப் பக்கம்தான் எழுகிறது. மூடுபனி விலகும்போது முதலில் கண்ணில் படுவது விமான நிலையத்தின் ஓடுபாதை; கோயில் முற்றத்திலிருந்து பார்க்க அது கொஞ்சம் ஏமாற்றம்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் கழனியும் எரியும் காலம், அப்போது ஓடுபாதையும் தெரியாது.

பெரும்பாலான வண்டிகள் இங்கேயே திரும்பிவிடுகின்றன. குருபாவின் சாலையும் இவ்வளவுதான். இதற்கு மேல் இருப்பது வேறு ஆட்கள் பிற்காலத்தில் போட்டது. நான்கு கிலோமீட்டர் போனால் 1961இல் கட்டிய பூபிங் அரண்மனை. ரோஜாத் தோட்டத்துக்குப் பெயர் போனது. அதைத் தாண்டி சாலை ஒடுங்கிப் பிரிகிறது. ஒரு கிளை, மோங் என்ற மலைமக்களின் டொய் புய் கிராமத்துக்கு இறங்குகிறது.

மோங் மக்கள் தாய்க்காரர்களைப் போலக் கால் நட்டு உயர்த்தி வீடு கட்டுவதில்லை, மண் தரையிலேயே கட்டுகிறார்கள். இங்கே முன்பு விளைந்தது அபின். 1959இல் சட்டம் தடுத்தும் சாகுபடி தொடர்ந்தது. பூமிபோல் மன்னர் அரண்மனையிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது, நாட்டுப் பீச் பழம் விற்றாலும் அபின் அளவுக்குக் காசு வருகிறது என்று தெரிந்துகொண்டாராம். அபினுக்கு மாற்றுப் பயிர் கொண்டுவர 1969இல் தொடங்கிய அரசத் திட்டத்தின் கதையை இங்கிருந்துதான் சொல்வார்கள். இப்போது தோட்டத்தில் நாலு அபின் செடி பயணிகள் படமெடுக்க நிற்கிறது. கடைத்தெருவில் நீலத் துணி தொங்குகிறது. வாங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்: மெழுகு வரைந்து அவுரியில் தோய்த்த துணியில் பின்பக்கமும் அதே கோடு தெரியும், கை நடுங்கிய இடம் உட்பட. ஆலையில் அச்சடித்தது பின்னால் வெளிறிக் கிடக்கும்.

அங்கிருந்து பைன் மரங்களுக்கு இடையே நடந்தோ வண்டியிலோ குன் சாங் கியான் ஊருக்குப் போகலாம். அதுவும் மோங் ஊர்தான். ஜனவரியில் காட்டுச் செர்ரி பூத்து மலைச்சரிவு ரோஜா நிறமாகும்போது கூட்டம் தாங்காது. மற்ற மாதங்களில் காப்பிதான் பேச்சு. எங்கள் வழிகாட்டி இந்தப் பக்கத்துக்காரர். காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று, எந்தச் செடி தன் சித்தப்பாவுடையது என்று காட்டினார். நிலம் யாருடையது என்று கேட்டோம். 1981இல் மலை முழுவதும் தேசியப் பூங்கா ஆனது. ஊர் அதற்கு முன்பே இருந்தது. "வீட்டுக்கு நம்பர் இருக்கு, பட்டா கிடையாதுங்க" என்றார். காப்பிக் கொட்டை உலர்த்தும் பாய்களை ஓரமாக இழுத்துவிட்டு எங்கள் வண்டி திரும்ப இடம் பண்ணினார்கள். அதற்கு மேல் தார் இல்லை.