பெங்களூர் நகர்ந்த கதை

என் செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ்., என்னைப் பக்கத்துத் தெருவில் நிறுத்தி ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கித் தருகிற ஆசாமி. ‘மேப் காட்ற இடத்துலதான் சார் நிக்கறேன், நீங்க எங்க இருக்கீங்க?’ அதே ஜி.பி.எஸ்., 2004 டிசம்பர் 26-ம் தேதி பெங்களூர் சுமார் ஒரு சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்ததைக் கண்டுபிடித்தது என்றால் நம்புவீர்களா?

வித்தியாசம் கருவியில். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சங்கேதத்தைக் கேட்டு, ‘ஏறக்குறைய இங்கே’ என்று ஐந்து பத்து மீட்டர் தாராளமாகச் சொல்லிவிடும் செல்போன். பாறையில் பொருத்திய ஆராய்ச்சிக் கருவியோ, அந்தச் சங்கேதத்தைச் சுமந்து வரும் ரேடியோ அலையையே அளக்கும். ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் எத்தனையாவது பங்கு வந்திருக்கிறது என்று பார்த்து, நாள் முழுக்கக் கேட்டுச் சராசரி எடுத்தால் மில்லிமீட்டர் கணக்கு கிடைத்துவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சென்னையில் எங்கள் வீட்டுக் கட்டில் லேசாக ஆடியது. ‘ஏதோ லாரி போகுதுடா’ என்றார் அப்பா. லாரி இல்லை. சுமத்ராவில் ஆரம்பித்து அந்தமான் வரை, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறை கிழிந்துகொண்டே போனது. ஹவாயில் இருக்கும் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் 8.0 என்றது. அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து 8.5. நிஜம் 9.1. ‘ஒண்ணுதானே ஜாஸ்தி’ என்று நினைக்காதீர்கள். 8.0-க்கும் 9.1-க்கும் சக்தியில் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலநடுக்கமானி அதிர்வைக் கேட்கும் கருவி. பத்து நிமிடம் போலக் கிழிகிற பாறையின் முழுக் கதையும் முதலில் வந்து சேரும் அலைகளில் இருக்காது. ஜி.பி.எஸ். கேட்பது வேறு கேள்வி: ‘நேத்து எங்க இருந்தே, இப்ப எங்க இருக்கே?’ போர்ட்பிளேர் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நகர்ந்து, ஒரு மீட்டர் தாழ்ந்தே போயிருந்தது. தரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால்தான் கடல் எவ்வளவு எழும் என்று கணக்குப் போட முடியும்.

அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ப்ளெவிட்டும் குழுவினரும் அன்றைய ஜி.பி.எஸ். பதிவுகளை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டு 2006-ல் வெளியிட்டார்கள். கால் மணி நேரத்துப் பதிவிலேயே நிஜமான அளவு கிடைத்துவிட்டது!

மெரினாவுக்கு அலை வந்தது காலை ஒன்பது மணி வாக்கில். அதாவது, இரண்டே கால் மணி நேரம் கையில் இருந்திருக்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

அளவு தெரிந்திருந்தாலும் அன்று நமக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஐதராபாத் மையம் வந்தது 2007-ல். ஏற்பாடெல்லாம் இருந்த ஜப்பானிலும் 2011-ல் முதலில் 7.9 என்றுதான் சொன்னார்கள், நிஜம் 9.0. ஓஷிகா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. அதற்கப்புறம் அங்கே ஜி.பி.எஸ். கணக்கை உடனுக்குடன் போட ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

பெங்களூர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததில் அங்கே ஒரு காபி டம்ளர்கூடத் தளும்பியிருக்காது. ஆனால் அன்று காலை மெரினாவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு யாராவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டிய சேதி, அந்த ஒரு சென்டிமீட்டரில் இருந்தது.