உள்ளே பிடித்த கறள்



உங்கள் அடுப்படியில் மாவு போட்டு வைக்கும் பழைய தகர டின் ஒன்று இருக்கும். வெளியே பூப்போட்ட பெயின்ட் பளபளக்கும். மாவைக் கொட்டிக் கழுவும் நாளில்தான் அடித்தட்டில் கறள் பிடித்திருப்பது தெரியவரும். இதே கதையை நான் ஒரு வாகனத்தில் கண்டேன். அதனால் எங்கள் குடும்பத்தில் நடந்ததை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அக்குறணையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்த எங்கள் மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்றவற்றில் ஒரு பழைய லேண்ட்ரோவரும் உண்டு. உம்மா முந்தியே மவுத்தாகிவிட்டார். ராத்தா, நான், தம்பி மூவருக்கும் அதில் பங்கு. ராத்தா கணவரை இழந்தவர். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களுக்கு நல்ல விலை இருந்த காலம் அது. திருத்தி விற்றுப் பங்கு பிரிப்போம் என்று முடிவு செய்தோம். கொழும்பிலிருந்து ஒருவர் வாங்கவும் தயாராக இருந்தார்.

லேண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. உலகப் போர் முடிந்து உருக்கு கிடைப்பது அரிதாயிருந்த நேரம். ஆகவே உடம்பின் பெரும்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது இரும்பைப் போல் கறள் பிடிக்காது. ஆனால் எல்லாப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டமான செசி, உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் வெல்டிங் செய்து ஆக்கியது. மேலே பார்த்தால் வண்டி ஐம்பது வருடம் சென்றும் திடமாகத் தெரியும். கீழே, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனோம். பாஸ் வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போனார். மணிபோல் ஒலித்துவந்த சத்தம் பின்சக்கரத்தருகே மொத்தென்று விழுந்தது. திருப்புளியால் குத்தினார், உள்ளே இறங்கிவிட்டது. அந்த ஓட்டையால் ஈரமான கறுப்புச் சேறு வழிந்தது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைத்தெருவில் வெள்ளம் ஏறிய ஒரு வருடம் வண்டி அதில் நின்றது. அந்தச் சேறு தண்ணீர் வடியும் துளைகளை அடைத்து, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது.

இரும்பு கறளாவதற்குத் தண்ணீரும் காற்றும் போதும். கண்டியில் கடலுப்பு இல்லை; ஆனால் மழைக்கும் பனிக்கும் குறைவில்லை. கறள் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே அது வெல்டிங் மூட்டுகளை உள்ளிருந்தே நெம்பிப் பிரிக்கும்.

தம்பி என்னைத் தனியே அழைத்தான். "நானா, மேலால ஒரு தகட்ட ஒட்டி கறுப்பு பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது. வாங்குற ஆள் படுத்துக் கெடந்தா பாக்கப்போறார்?"

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். மாணவர்களுக்குக் கிதாபு ஓதிக் கொடுக்கும் நான், அவனுக்கு "கூடாது" என்று சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றேன். ராத்தாவின் மகளின் முகம்தான் மனதில் நின்றது.

இரவு ராத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிளேன்டியை முன்னால் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "தானியக் குவியலுக்குள்ள றஸூலுல்லாஹ் கைய விட்டுப் பாத்தாங்க, உள்ளுக்கு ஈரமா இருந்திச்சு, அத ஏன் மேல வெக்கல்லன்னு வித்தவர்ட்ட கேட்டாங்கன்னு நீங்கதானே தம்பி எனக்குச் சொல்லித் தந்தது? நம்மட வண்டியும் அதுதானே?"

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் கொழும்புக்காரருக்கு உள்ளதைச் சொன்னோம். அவர் விலகிக்கொண்டார். கலியாணம் ஐந்து மாதம் தள்ளிப்போனது.

பாஸ் வேலையை முறையாகச் செய்தார். அழுகிய பகுதியின் மேல் தகடு ஒட்டினால் இரண்டு தகடுகளுக்கிடையே தண்ணீர் தேங்கும். ஆகவே அதை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தார். வெல்டிங்கின் சூட்டில் தகட்டின் உட்பக்கத்துப் பூச்சும் எரிந்துபோகும். அங்கே பிரஷ் எட்டாது. முதலிலேயே உள்ளே மெழுகு அடித்தால் வெல்டிங் பொறியில் தீப்பிடிக்கும். எனவே வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே உள்வேலை. துளைகளைத் திறந்து, சேறு போகும்வரை தண்ணீரைப் பீச்சிக் கழுவினார். காற்றடித்து, பல நாள் வெயிலில் காயவிட்டார். மிஞ்சிய கறளைக் கட்டும் அமில மருந்தைப் பூசிக் காயவைத்தார். கடைசியில், நுனியில் பக்கவாட்டுத் துளைகள் உள்ள நீண்ட மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இளக்கிய மெழுகைப் பீச்சியபடியே மெதுவாக வெளியே இழுத்தார். நல்ல வெயில் நாளில் அடித்தால்தான் அது மூட்டுகளுக்குள் ஊறிப் பரவும். கீழ்த்துளைகளால் மெழுகு சொட்டியதைக் கண்ட பின்பே நிறுத்தினார். காய்ந்ததும் அத்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டார். பழைய என்ஜின் ஒயில் அடிக்கும் வழக்கமும் உண்டு. அது விரைவில் வடிந்துவிடும், ரப்பரையும் மண்ணையும் கெடுக்கும் என்றார்.

பின்பு வாங்கியவருக்கு வெட்டிய துண்டுகளையும் காட்டினோம். செலவு போக, முதலில் பேசிய விலையைவிடக் குறைவாகவே மிஞ்சியது. தன் பங்கை எண்ணி வாங்கிய ராத்தா, கலியாண மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லி, வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டார். தம்பிதான் பந்தற்கால் நட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வேன் இருக்கலாம். பிள்ளைகள் அதில் பாடசாலைக்குப் போகலாம். அது கராஜுக்குப் போகும்போது வீட்டு ஆண்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்களா? தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா? வெல்டிங் செய்த இடத்துக்கு உள்ளேயும் மருந்து போனதா?

பெண்களுக்கு ஏன் இந்தக் கேள்வி என்று யாராவது சிரித்தால், மாவு டின்னைக் கவிழ்த்துக் காட்டுங்கள்.