ராத்தா என்னும் புதுச் சொல்



எங்கள் மகளுக்கு இப்போது 22 மாதங்கள் ஆகின்றன. சில வாரங்களுக்கு முன்புவரை உம்மா, வாப்பா, பால், பூ என விரல்விட்டு எண்ணும் அளவே சொற்கள் இருந்தன. இன்றோ நாள்தோறும் ஒன்றிரண்டு கூடுகின்றன. பாங்கொலி கேட்டால் விரலை உயர்த்தி "அல்லா" என்கிறாள். சோற்றுத் தட்டைக் கண்டால் "மில்லா" என்கிறாள். அது அவளுடைய பிஸ்மில்லாஹ். "வாப்பா வா", "பூ தா" என இரு சொற்களை இணைக்கவும் கற்றுக்கொண்டாள்.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்ததைத் திருக்குர்ஆன் (2:31) கூறுகிறது. ஏதும் அறியாதவர்களாய்த் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்த நமக்குச் செவியையும் பார்வையையும் இதயத்தையும் அவன் அளித்ததை மற்றோர் இடம் (16:78) நினைவூட்டுகிறது. அங்கே செவியே முதலில் சொல்லப்படுகிறது. குழந்தையும் அப்படித்தான், பேசுவதற்கு முன் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே அதன் காதில் எதை இடுகிறோம் என்பது சிறிய காரியமன்று.

இதை நாங்கள் முன்னிலும் ஆழமாக உணரும் காலம் இது. இன்ஷா அல்லாஹ், இன்னும் இரண்டு மாதங்களில் எங்கள் வீட்டிற்கு மற்றொரு குழந்தை வரவிருக்கிறது.

அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று எண்ணியபோது ஒரு சிக்கல் எழுந்தது. தமிழ் வீடுகளின் பல குழந்தைகளைப் போல அவளும் தன்னையே "பாப்பா" என்றுதான் அழைத்துக்கொள்வாள். "பாப்பா பால்" என்றால் எனக்குப் பால் வேண்டும் என்று பொருள். வரப்போகும் குழந்தைக்கு அதே சொல்லைக் கொடுத்தால், பிறக்கும் முன்பே அது அக்காளின் பெயரைப் பறித்ததாகிவிடும். ஆகவே பாப்பா அவளாகவே இருக்கட்டும், வயிற்றில் இருப்பது "குட்டி" என்று முடிவு செய்தோம். கூடவே அவளுக்கு மேலும் ஒரு பெயரைச் சேர்த்தோம்: ராத்தா. நாவில் 'ர' இன்னும் உருளாததால் அவள் "லாத்தா" என்கிறாள். நம் ஊர்களில் சிலவற்றில் அதுவே வழக்குச் சொல் அல்லவா!

மாறிய மற்றொரு சொல் "தூக்கு". உம்மாவால் இப்போது அவளை முன்போலத் தூக்க இயலவில்லை. "தூக்கு" என்று அவள் கைகளை நீட்டும்போது, உம்மா தரையில் அமர்ந்து "மடிக்கு வா" என்பார். முதல் நாட்களில் அழுதாள். இப்போது அவளே பாயைத் தட்டிக் காட்டி "மடி" என்கிறாள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுததைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைப்பார்கள். நிலைக்கு எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். இந்த நாட்களில் எங்களுக்கு மிக நெருக்கமான ஹதீஸ் இதுவே. இறக்கி வைப்பது கைவிடுவது ஆகாது என்பதைத்தான் மூத்த குழந்தை கற்க வேண்டியிருக்கிறது. அதை விளக்கிச் சொல்ல அவளிடம் போதிய சொற்கள் இல்லை. மீண்டும் மீண்டும் தூக்கிக்கொள்வதால் மட்டுமே சொல்ல முடியும்.

ஆனால் வீட்டிற்கு வருவோர் சிலர் அன்பினாலேயே கேலி செய்கிறார்கள். "இனிமேல் உம்மா உன்னைத் தூக்க மாட்டாங்க", "உன் இடம் போச்சு" என்கிறார்கள். கேலி என்று பிரித்தறியும் வயது அவளுக்கு இல்லை. சொல் மட்டும் உள்ளே தங்கிவிடும். அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பியைக் கூட நபியவர்கள் "அபூ உமைர்" என்று அழைத்து, அவன் வளர்த்த சிட்டுக் குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். சிறுவர்களோடு விளையாட்டாகப் பேசுவதிலும் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

இன்னும் சிலர், "தம்பியா, தங்கச்சியா?" என்று அவளிடம் கேட்டுப் பதிலைச் சகுனமாகக் கொள்கிறார்கள். "தம்பி" என்றால் முகம் மலர்கிறது. கருவறைகளில் உள்ளதை அல்லாஹ்வே அறிவான் (31:34). தான் நாடியோருக்கு மக்களை அளிப்பதைக் கூறும் வசனத்தில் (42:49) பெண்மக்களையே அவன் முதலில் குறிப்பிடுகிறான். எங்கள் வாப்பும்மா இதற்கு ஓர் எளிய வழி கண்டார். யாராவது கேட்டால், அவள் வாய் திறக்கும் முன், "ரெண்டுல எதைத் தந்தாலும் அல்ஹம்துலில்லாஹ், என்ன கண்ணு?" என்பார். அவளும் தலையாட்டுவாள்.

இவளுக்கு முன் எங்களுக்கு உருவான ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதனால் இம்முறை ஐந்து மாதங்கள் நிறையும்வரை இவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்ன நாள் முதல், "குட்டி வரும்" என்று அவள் கூறும்போதெல்லாம் நாங்கள் "இன்ஷா அல்லாஹ்" என்று சேர்க்கிறோம். எங்களுக்கு அது வெறும் பேச்சு வழக்கு அன்று. அச்சத்தையும் ஆசையையும் ஒருசேர அவனிடம் ஒப்படைக்கும் சொல். அவளோ "ஷால்லா" என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டு ஓடுகிறாள். பொருள் பின்னர் வரும். சொல் இப்போதே நாவில் இருக்கட்டும்.

கருவுற்றிருக்கும் தாய்மார்கள் அனைவருக்கும் அல்லாஹ் பிரசவத்தை எளிதாக்குவானாக! பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அதனினும் சிறந்ததை அளிப்பானாக! நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும், ஒருவருக்கொருவர் துணையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.