12.50-க்குத் திரும்பணும்

திருப்பூரில் மதியம் என்பது 12.30 முதல் 1.30 வரை. மணி அடித்த ஐந்தே நிமிடத்தில் அவிநாசி ரோடு, பி.என். ரோடு, காங்கயம் ரோடு, ஊத்துக்குளி ரோடு என்று எல்லா ரோட்டிலும் டூவீலர்கள் பிதுங்கும். வீடு பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பறப்பார்கள். மற்றவர்கள் போசியைத் திறந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். சற்று நேரத்தில் ரோடு காலி. அடுத்த நெரிசல் 1.20-க்குத்தான். இடையில் கிடக்கும் அந்தக் காலி ரோட்டைப் பார்த்துத்தான் எங்கள் பனியன் கம்பெனியில் சிலருக்கு ஆசை வந்தது, சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஓட்டிவிட்டு வரலாமே என்று.

யோசனையைக் கேட்டுச் சிரித்தவர் கட்டிங் மாஸ்டர். “ஏனுங்க, சைக்கிள விட்டு டூவீலருக்கு மாறறதுக்கு நாங்க இருவது வருசம் பாடுபட்டோம். நீங்க காசு குடுத்துத் திரும்ப அதுக்கே வர்றீங்களா?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருப்பூர் சைக்கிளில் வளர்ந்த ஊர். எழுபது, எண்பதுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மழை பொய்த்துக் கிணறு வற்றியபோது, தோட்டத்து வேலையை விட்டு பவர் டேபிள் தையலுக்கு வந்தவர்கள் சைக்கிளில்தான் வந்தார்கள். கேரியரில் தூக்குப்போசி, ஒன்றரை சிப்ட் முடிந்தால் டைனமோ வெளிச்சத்தில் வீடு. கிட்டத்தில் குடியிருந்தவர்கள் மதியமும் ஒரு நடை போய்ச் சாப்பிட்டு வருவார்கள். ஆக, மதியத்தில் சைக்கிள் மிதிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. போக இடம் இல்லாமல் மிதிப்பதுதான் புதிது.

முதலில் சேர்ந்தவர்கள் எல்லாம் ஆபீஸ்காரர்கள். மெர்ச்சண்டைசிங்கில் என்னோடு இன்னொருவர், கேட் (CAD) பிரிவுப் பையன், அக்கவுண்ட்ஸ்காரர், ஒரு குவாலிட்டி கன்ட்ரோலர். இவர்களில் ஒருவரிடம்தான் மெல்லிய டயர் போட்ட உண்மையான ரோடு பைக் இருந்தது. மற்றவை கியர் சைக்கிள்கள். அக்கவுண்ட்ஸ்காரர் கொண்டுவந்தது அவர் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசாங்க சைக்கிள்.

சைக்கிள் ஒழுங்காக அமைவதற்கு முன்பே சீருடை தயாராகிவிட்டது. திருப்பூரில் எதற்காக ஆள் சேர்ந்தாலும் முதலில் வருவது பனியன்தான். கோயில் திருவிழாவோ, கபடிக் குழுவோ, கட்சி மாநாடோ, விதிவிலக்கே கிடையாது. ஆனால் சைக்கிள் ஜெர்சி எங்கள் சாம்பிள் ரூமைக் கொஞ்சம் திணறடித்தது. படத்தைப் பார்த்த பேட்டர்ன் மாஸ்டர், “முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீட்டம், பாக்கெட் முதுகுல. யாருங்க இத டிசைன் பண்ணுனது?” என்றார். பிறகு குவாலிட்டி பையனைச் சைக்கிளோடு சாம்பிள் ரூமுக்கு வரச்சொன்னார். பையன் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தான். மாஸ்டர் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை டேப்பை ஓட்டினார். நிமிரச் சொல்லி மறுபடியும் ஓட்டினார். இரண்டு அளவையும் கையிலிருந்த சாக்பீஸால் டேபிளிலேயே எழுதிவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நிக்கறவனுக்குத் தைக்கறது வேற, குனிஞ்சவனுக்குத் தைக்கறது வேற” என்றார். அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கையை முன்னோக்கித் திருப்பி வெட்டினார். கீழ் விளிம்பு மேலே ஏறாமலிருக்க உள்பக்கம் பிடிப்புள்ள எலாஸ்டிக் வைத்தார். அக்குளில் உராயக்கூடாது என்று ஓவர்லாக்கை விட்டுவிட்டு ப்ளாட்லாக் அடிக்கச் சொன்னார்.

துணி விஷயத்தில்தான் பேச்சு முற்றியது. ஊரே காட்டனை நம்பிப் பிழைக்கிறது, நாம் பாலியஸ்டர் போடுவதா என்று அக்கவுண்ட்ஸ்காரர் கேட்டார். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. பருத்தி வியர்க்காமலே தன் உலர் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. காட்டன் பனியனோடு அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தால் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதே பனியனோடு ஏசி ரூமில் உட்கார வேண்டியதுதான். கடைசியில், ஷேடு மாறிப்போய் ஒதுக்கிவைத்த ஆர்டரில் மிஞ்சிய பாலியஸ்டர் துணி கிடைத்தது. அதனால் எங்கள் டீமில் பாதிப்பேர் பச்சை, பாதிப்பேர் கிட்டத்தட்டப் பச்சை.

கம்பெனி பெயர் போட்ட பனியனோடு சைக்கிள் ஓட்டுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. தொழில்முறைச் சைக்கிள் பந்தயம் முழுக்கவே கம்பெனி பெயரில்தான் ஓடுகிறது. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். 1971, 1972, 1974 ஆகிய மூன்று வெற்றிகளின்போது அவர் இருந்தது மோல்டெனி அணியில். மோல்டெனி ஓர் இத்தாலிய இறைச்சிப் பண்டக் கம்பெனி. உழைப்பவர்கள் தங்களுக்காகவே சேர்த்த சங்கங்களும் உண்டு. இங்கிலாந்தில் 1894-இல் பர்மிங்காமில் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் சங்கமும், ஜெர்மனியில் 1896-இல் தொழிலாளர்கள் தொடங்கிய ‘சாலிடாரிட்டேட்’ சம்மேளனமும் அப்படிப்பட்டவை. மதிய நேரச் சவாரிக்கே பெயர்போன கம்பெனியும் ஒன்று உண்டு: கலிபோர்னியாவில் மார்கன் ஹில் ஊரில் இருக்கும் ஸ்பெஷலைஸ்டு. அங்கே ஊழியர்களின் மதியச் சவாரி பாதிப் பந்தயமாகவே நடக்கும் என்பார்கள். அவர்கள் செய்து விற்பது சைக்கிள். வேர்த்து வேலைக்குத் திரும்பினால் அதுவும் வேலையோடு சேர்ந்ததுதான். பனியன் கம்பெனியில் அந்தச் சலுகையை யாரும் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் வழி ஊத்துக்குளி ரோட்டில் கிழக்கே. சர்க்கார் பெரியபாளையம் பக்கம் திரும்பினால் நஞ்சராயன் குளம். தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் அது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கட்டைவிரலில் கத்தரிக்கோல் தழும்போடு ஒருவர் கரையில் நின்று நாரையைப் பார்ப்பதை அங்கேதான் பார்க்க முடியும். வழியில் இடைஞ்சல் இரண்டு. துணி ரோல் ஏற்றிப் பறக்கும் சின்ன லோடு வண்டி ஒன்று, சீமைக்கருவேல முள் இன்னொன்று. முள்ளை நெம்பி எடுத்து ஒட்டுப் போடும் நேரம் சாப்பாட்டு நேரத்தில்தான் கழியும்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் மதியம் சைக்கிளைத் தொடவே முடியாது. எங்கள் காலம் ஆனியில் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்கு மேகத்தையும் காற்றையும் மட்டும் அனுப்பிவைக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். வானம் மூடியிருக்கும், தூறல்கூட விழாது, மதியம் ஒரு மணிக்கும் வெயில் உறைக்காது. சைக்கிளுக்கு இதைவிட நல்ல மதியம் அமையாது.

ஆனால் அந்தக் காற்றில் ஒரு சூது இருக்கிறது. அது மேற்கிலிருந்து அடிக்கிறது, நாங்கள் போவது கிழக்கே. போகும்போது பின்னாலிருந்து தள்ளும். எல்லோருக்கும் தங்கள் காலில் புதுப்பலம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும். குளத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும். திரும்பிய நிமிடத்தில் வட்டியோடு வசூல் நடக்கும். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று என்பது அப்போதுதான் உறைக்கும்.

எதிர்காற்றில் தனியாக ஓட்டுவது வீண் வேலை. வேகம் கூடக்கூட உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போய்விடும். ஒருவர் பின்னால் ஒருவராகச் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால், பின்னால் வருபவருக்குக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு மிச்சமாகும். முன்னால் இருப்பவர் சற்று நேரம் காற்றை வாங்கிவிட்டு ஒதுங்கிக் கடைசிக்கு வர, அடுத்தவர் முன்னால் போவார். இந்த ஒழுங்கை எங்களில் யாரைவிடவும் சீக்கிரம் பிடித்துக்கொண்டவர் பின்னால் வந்து சேர்ந்த ஓவர்லாக் டெய்லர். தேனிப் பக்கத்துக்காரர். கியர் இல்லாத பழைய சைக்கிள், பலமுறை கோட்டம் எடுத்த பின்சக்கரம். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே பீஸ் தேங்காமல் போகவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை.

அவர் வந்த பிறகுதான் மதியம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது தெரியவந்தது. ஆடியில் ஒரு நாள் காற்று எல்லோரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, கம்பெனிக்கு வரும்போது 1.40 தாண்டிவிட்டது. நான் சீட்டில் போய் உட்கார்ந்தேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே தையல் பிரிவில் அவர் மெஷின் சும்மா நின்றதால் அடுத்திருந்த ப்ளாட்லாக்குக்குப் பீஸ் போகவில்லை. அவருக்கு உதவிக்கு நிற்கும் கைமடிப் பையன் சும்மா நின்றான். சூப்பர்வைசர் பேசிய பேச்சு படிக்கட்டு வரை கேட்டது. அடுத்த நாள் கூப்பிட்டபோது அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: “சார், நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தா ஒரு மெயில் லேட்டாப் போகும். நான் லேட்டா வந்தா பின்னாடி அஞ்சு பேரு கையக் கட்டிட்டு உக்காரணும். அவங்களுக்கும் பீஸ் ரேட்டுதான்.”

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரைமணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்று விதித்தது. மாதச் சம்பளக்காரனுக்கும் கைமடிக்கும் அதே அரைமணிதான். காகிதத்தில் சமமாக இருக்கும் அந்த நேரம், ஆளுக்கு ஆள் வேறு எடையில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரனின் மதியத்துக்கு ஓரங்கள் தளர்ந்து கிடக்கின்றன, இழுத்தால் நீளும். பீஸ் ரேட்டுக்காரருக்கோ சீக்கிரம் சாப்பிட்டு மெஷினில் உட்கார்ந்தால் நாலு காசு கூட வரும். அவர் குளத்துக்குப் போய்வருவது தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான்.

செக்கிங்கில் ஓர் அக்கா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பத்து வருடத்துக்கு முன் பழகியவர். நன்றாக ஓட்டுவார். அவர் மதியத்தில் முதல் பத்து நிமிடம் போனுக்கு: பிள்ளை சாப்பிட்டதா, மாமியார் மாத்திரை போட்டார்களா. “நீங்க பைய முன்னாடி போங்க, நான் பேசிட்டு வந்து பிடிச்சுக்கறேன்” என்பார். பிடித்தும் விடுவார். திரும்பி வந்ததும் முகம் கழுவி, தலை வாரி, யார் கண்ணிலும் படாமல் சீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம் அவருக்கு உண்டு. ஆண்களில் ஒருவருக்கும் அந்த வேலை இல்லை.

கம்பெனி நிர்வாகம் எங்களைத் தடுக்கவில்லை. மாறாக, பையர் கம்பெனியின் ஆடிட் வருகிறது என்றதும் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து கேமராவோடு வந்தார்கள். தொழிலாளர் நலன் பைலில் வைக்க ஒரு போட்டோ வேண்டுமாம். ஹெல்மெட் போட்டு, வரிசையாக நின்று, கட்டைவிரலை உயர்த்தினோம். டெய்லரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் பின்சக்கரத்தின் கோட்டம் போட்டோவில் தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூருக்கு அமெரிக்கா பெரிய சந்தை. அடுத்த வாரங்களில் எங்கள் தையல் பிரிவில் சில வரிசைகள் அரை சிப்டோடு நின்றன. சவாரிக்கு வருபவர்கள் எண்ணிக்கை அப்போதுதான் கூடியது. அவசரமே இல்லை, குளத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் போகத் தோன்றவில்லை. முன்னால் வந்து காற்றை வாங்க யாருக்கும் ஆசை இல்லை, பின்னாலிருந்து கிண்டலும் இல்லை. ஓய்வுக்கு இரண்டு பக்கமும் வேலை வேண்டும். நாளை ஆர்டர் உண்டா என்று தெரியாதவனிடம் முழு மதியத்தையும் கொடுத்தாலும் அவன் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? மணி அடிக்கும் பயத்தோடு ஓட்டிய ஆடி மாதச் சவாரியில் இருந்த உற்சாகம், கேட்பாரில்லாத அந்த மதியங்களில் இல்லாமல் போயிற்று.

ஆர்டர் ஓரளவு திரும்பியபின் டீமும் திரும்பியது. இப்போது எங்களுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. குளம் வரை போகவேண்டும் என்ற கணக்கைக் கைவிட்டுவிட்டோம். எங்கே இருந்தாலும் 12.50-க்குத் திரும்பவேண்டும், ஆடியில் 12.45-க்கே. ரோடு பைக் வைத்திருப்பவருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகத் தெம்பு இருக்கலாம். அவரும் திரும்பி, எதிர்காற்றில் முன்னால் நின்று மற்றவர்களை இழுத்துவர வேண்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1.30-க்கு மெஷினில் உட்கார்ந்தாக வேண்டியவர் முடிவு செய்கிறார். அவர் “போதும் சார்” என்றால் போதும்தான். கம்பெனிக்குள் வேறு எந்த விஷயத்திலும் அவர் பேச்சுக்கு இந்த மதிப்பு கிடையாது. இங்கே வேகமானவர்களும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். இதை டீம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருக்கும் ஒரே தகுதியும் அதுதான்.