விட்டோடி

தமிழ்நாட்டுக் காவல் துறையின் கோப்புகளில் ‘விட்டோடி’ என்றொரு சொல் உண்டு. அனுமதியின்றி 21 நாட்கள் பணிக்கு வராத காவலருக்கு அந்தப் பெயர். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் இந்த எண் 30. அத்தனை நாட்கள் வராத வீரரைப் பற்றி விசாரணை மன்றம் கூடிப் பதிவு செய்யும். சீருடைப் பணியில் ஒரு மனிதன் இல்லாமற்போவது முதலில் நாட்களால் அளக்கப்படுகிறது. அந்நாட்களில் அவன் எங்கிருந்தான் என்பது பிறகு வரும் கேள்வி.

காவலராக இருந்த என் சித்தப்பா 1994ல் ஏழு நாள் விடுப்பில் வந்து, அது முடிந்த பின்னும் 44 நாட்கள் திரும்பிப் போகவில்லை. இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு சித்தியின் மனம் கலங்கியிருந்தது. பிள்ளை தன்னுடையதல்ல என்றார். நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு நடந்தார். அதற்கு மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் உண்டென்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. பாட்டி சொன்னபடி, திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். மனநலம் குன்றியோர் அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கி வழிபடுவது மரபு. கோயிலின் கணக்கு 48, கோப்பின் கணக்கு 21. சித்தப்பா கோயிலின் கணக்கை முடித்துவிட்டே திரும்பினார்.

‘எவளோடு சுற்றிவிட்டு வருகிறாய்?’ என்று கேட்ட அதிகாரியிடம் அவர் தகாத சொல்லொன்றைச் சொல்லிவிட்டார். ஆக, குற்றச்சாட்டுகள் இரண்டாயின: அனுமதியற்ற பணி வராமை, மேலதிகாரியிடம் ஒழுங்கீனம். விசாரணையில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கோப்பில் ஏறினால் ஊரில் ஏறிவிடும். பெண் பிள்ளையை வைத்திருக்கிறேன்” என்று அப்பாவிடம் சொன்னாராம். முடிவில் வந்தது பணியறவு ஆணை. பணிநீக்கம் வேறு, பணியறவு வேறு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்னது அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னது அரசு வேலைக்கான வாசலையே சாத்திவிடும்.

அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கமளிக்கத் தக்க வாய்ப்புத் தராமல் அரசுப் பணியாளரை நீக்கக்கூடாது என்கிறது. அந்த வாய்ப்பு சித்தப்பாவுக்குத் தரப்பட்டது. 2012ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இன்னும் ஒருபடி சென்றது: வராமை வேண்டுமென்றே நிகழ்ந்தது என்று நிரூபிக்கப்பட வேண்டும், நோய், விபத்து போன்ற தவிர்க்கவியலாச் சூழலில் வராதவரைக் கடமை தவறியவராகக் கொள்ள இயலாது. அத்தீர்ப்பைப் படித்தபோது மகிழ்ச்சியைவிட ஒரு சோர்வே உண்டாயிற்று. சூழலைச் சொன்னவனுக்குத்தானே அது துணை வரும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சித்தப்பா இல்லாத நாட்களில் அவருடைய இரவுக் காவலையும் சேர்த்துப் பார்த்தவர் அவரது நண்பர். பின்பு ஒரு திருமணத்தில் சந்தித்தபோது, “உனக்குக் கஷ்டம் என்றால் எனக்கொரு கடிதம் போட்டிருக்கக் கூடாதா? என் பிள்ளைக்கும் அப்போது காய்ச்சல்தான்” என்றார். சித்தப்பா தலை குனிந்திருந்தார். படை என்பது வெறும் அதிகாரம் அன்று. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தூக்கமின்றி நிற்கிறார். கட்டுப்பாட்டின் நியாயம் அங்கேதான் இருக்கிறது, சட்டப் புத்தகத்தில் அல்ல.

2021ல் தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு வார விடுப்பு வழங்க ஆணை பிறந்தது. செய்தியைப் படித்துக் காட்டினேன். “நல்லதுதான்” என்றார் சித்தப்பா. சற்றுப் பொறுத்து, “லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். காரணம் கேட்பார்களே, அதற்குத்தான் பயந்தேன்” என்றார். சித்தி உள்ளறையில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நகரத்து மருத்துவர் ஒருவரின் மாத்திரைகளால் அவர் குணமாகி வெகுகாலம் ஆகிறது. சித்தப்பா அவ்வளவையும் தணிந்த குரலில்தான் சொன்னார்.