லுணுகலை இறக்கமும் லைனர் அடிக்கும் கைகளும்

லுணுகலைக்கு ரயில் கிடையாது. மலையேறி வந்த ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டதோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று செங்கலடி வரை போகும் ஏ5 வீதியை நம்பித்தான் ஊவா மாகாணத்தின் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் இருக்கின்றன. கொழுந்தும் உரமும் அரிசியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளும் அதே முடக்குகளில்தான் ஏறி இறங்க வேண்டும். அந்த வாகனங்களுக்கு பிரேக் வேலை செய்கிறவர்களைப் பார்க்கப் போயிருந்தேன்.

தகரக் கூரை, ஒயில் ஊறிய மண் தரை. பின்சக்கரம் கழற்றிய கொழுந்து லொறி ஒன்று மரக்கட்டைகளின் மேல் நின்றது. கராஜை நடத்தும் பெரியவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் இளைஞர் ஒருவர் அவருக்குக் கையாள்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும், அதன் உட்பக்கத்தோடு உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனரை பாஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது மினுமினுத்தது. “இப்படி மினுங்கினா பிடிக்காதுங்க. சூடு மிஞ்சிப் போயிருச்சு” என்றார். டிரம்மின் உட்பக்கத்தில் நீலம் பாரித்த திட்டுகளைக் காட்டினார். சின்ன கியரில் இறக்காமல், வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே டிரைவர் வந்திருக்கிறார் என்பதை அந்த நீலமே சொல்லிவிட்டது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? 1687இல் நியூட்டன் எழுதிவைத்த விதி இந்த வீதிக்கும் பொருந்தும். விசை கூடினால் முடுக்கம் கூடும். நிறை கூடினால் அதே விசைக்குக் கிடைக்கும் முடுக்கம் குறையும். சரிவில் மூட்டை ஏற ஏற லொறியைக் கீழே இழுக்கும் விசை கூடுகிறது. அசைக்க வேண்டிய நிறையும் அதே அளவில் கூடுவதால், வெறும் லொறியும் பாரம் ஏற்றிய லொறியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேகம் பிடிக்கும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், உராய்வே இல்லையென்றால், நின்ற லொறி 10 விநாடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும்.

வித்தியாசம் நிறுத்தும்போதுதான் தெரியும். நிறை இரட்டித்தால், அதே தூரத்தில் நிறுத்த இரண்டு மடங்கு பிரேக் விசை வேண்டும். லொறியிலோ அதே டிரம், அதே லைனர். 5 தொன் லொறி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் 45 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சின்ன கியரில் இறக்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் லைனரும் டிரம்மும்தான் வாங்க வேண்டும். சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும், லைனரும் தன் பிடியை இழக்கும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

புது லைனர் அடிப்பதை அருகிலிருந்து பார்த்தேன். இளைஞர் ரிவிட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் அடித்துக்கொண்டு போனார். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் எழும்பி நிற்குமாம். ரிவிட் தலை லைனருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் டிரம்மைக் கீறிவிடும். முடிந்ததும் பாஸ் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காது கொடுத்தார். ஒரு இடத்தில் சத்தம் மந்தமாக விழுந்தது. “இதைக் கழட்டுங்க தம்பி” என்றார். இளைஞர் மறுபேச்சில்லாமல் அந்த ரிவிட்டைக் கழற்றி மறுபடி அடித்தார். பிறகு லைனரில் வெண்கட்டி பூசி, டிரம்மைப் போட்டுச் சுற்றிக் கழற்றினார்கள். வெண்கட்டி அழிந்த இடங்கள்தான் டிரம்மில் படுகிற இடங்கள். அவற்றைத் தேய்த்துத் தேய்த்து, முழுப் பரப்பும் படும்வரை விடவில்லை.

அதே சக்கரத்தின் நடுவில் பெயாரிங்குக்குக் கிறீஸ் அடைக்கிறார்கள். அங்கே உராய்வு கூடவே கூடாது. சில அங்குலம் தள்ளி லைனரில் உராய்வு குறையவே கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் சீல் மட்டும். அது கிழிந்து கிறீஸ் லைனரில் பட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது. மற்றப் பக்கம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். “சீல் சின்னச் சாமான்தானேன்னு பழசையே போடச் சொல்லுவாங்க. நான் போட மாட்டேன்” என்றார் பாஸ். அவர் தொழிலின் அறம் முழுவதும் அந்த மறுப்பில் இருப்பதாக எனக்குப் பட்டது.

எவ்வளவு நல்ல பிரேக்கும் டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள பிடியை நம்பித்தான் இருக்கிறது. அதே பத்துக்கு ஒன்று இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி, காய்ந்த வீதியில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 10 மீட்டரில் நிற்கும் என்றால், மழையில் நனைந்த வீதியில் சுமார் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஊவாவின் முடக்குகள் பலவற்றில் அந்த மிச்சப் பத்து மீட்டர் கிடையாது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிந்து விழுந்த பாறை அங்கே வீதியைக் குறுக்கியிருந்தது. அந்த விபத்துக்கு பிரேக்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த மலையில் பிழைக்கு இடமே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இத்தனை உயிர்களுக்குக் காவல் நிற்கும் இவர்களுடைய உயிருக்குக் காவல் இல்லை. டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்த கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதுவது பல கராஜ்களில் பழக்கம். பல காலம் லைனர்களில் கல்நார் கலந்தார்கள். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழற்றிய லைனரில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

பள்ளிக்கூடத்தில் வழுக்குப் பலகையை வைத்துச் சொல்லித்தருகிற பாடத்தை, அந்த இளைஞர் நாள்தோறும் மனிதர்களின் உயிரை வைத்துச் செய்கிறார். அவர் கையில் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இல்லை. அதை வாங்கித்தருவதும், லொறிக்கு விதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாமல் பார்த்துக்கொள்வதும், பிரேக் பார்த்த திகதியை ஒவ்வொரு வண்டியிலும் எழுதிவைப்பதும் தோட்ட நிர்வாகங்களும் பஸ் முதலாளிமாரும் நினைத்தால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைகள்.